கையோடு வந்த ஸ்டீயரிங்!

மச்சினன்களில் இரண்டு ரகம் உண்டு. பணம் கேட்டு வருகிற ரகம் ஒன்று. யோசனை கேட்டு வருகிற ரகம் இன்னொன்று. முதல் ரகத்தைச் சமாளித்துவிடலாம். "இந்த மாசம் கொஞ்சம் டைட் மாப்ளே" என்று இழுத்தால் போய்விடுவார்கள். இரண்டாவது ரகம்தான் ஆபத்து. யோசனை கேட்பார்கள், சொன்னால் கேட்க மாட்டார்கள், கேட்காமல் ஏதாவது ஆகிவிட்டால், "நீங்களும் கூடத்தானே மாமா இருந்தீங்க?" என்பார்கள்.

என் மச்சினன் அசல் இரண்டாவது ரகம்.

வயது இருபத்தாறு. ஓ.எம்.ஆரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. கழுத்தில் சதா நேரமும் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கிக்கொண்டே இருக்கும். என் பெண்ணின் காதுகுத்து விழாவுக்குப் பட்டு வேட்டியில் வந்தபோதும் தொங்கியது. "ஏன்டா, காணாமப் போனா யாராவது கொண்டுவந்து விடணும்னா?" என்று என் மாமியாரே கேட்டுவிட்டார்.

2021 மாடல் ஹாட்ச்பேக் ஒன்று வைத்திருக்கிறான். மாசத் தவணை இன்னும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பெண்ணை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போவது அந்தக் காரில்தான். இந்த விவரத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வேண்டியிருக்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பார்சல் ஒன்றோடு வந்தான். பிரித்தான். ஊதா நிறத்தில், பளபளவென்று, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு சமாசாரம்.

"மாமா, இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்?"

"மிக்ஸி ஜார் மூடியாடா?" என்றாள் என் மனைவி, சமையலறையிலிருந்தே.

"அக்கா! இது குயிக் ரிலீஸ்! ஸ்டீயரிங்கை ஒரே இழுப்புல கழட்டிடலாம். ரேஸ் கார்ல எல்லாம் இருக்கும்ல? ரெண்டாயிரத்து எண்ணூறு ரூபாதான்!"

"கழட்டி?"

"கையில எடுத்துக்கிட்டுப் போயிடலாம். எவனும் காரைத் திருட முடியாது!"

'மிஸ்டர் பீன்' பார்த்தவர்களுக்கு இந்த டெக்னிக் ஞாபகம் வரும். 1990-ல் ஆரம்பித்த அந்த டி.வி. தொடரில் பீன், தன் குட்டி மினி காரை நிறுத்தியதும் ஸ்டீயரிங்கைக் கழற்றிவிடுவார். போதாக்குறைக்குக் கதவில் வீட்டுப் பூட்டு ஒன்றும் தொங்கும். நாமெல்லாம் சிரித்துவிட்டு மறந்துவிட்டோம். என் மச்சினன் அதை செக்யூரிட்டி ஏற்பாடாக எடுத்துக்கொண்டுவிட்டான்.

உண்மையில் அவனைப் பிடித்த ஜுரம் வேறு. 2024-ல், ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரண்டு நாளும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஃபார்முலா 4 கார்கள் ஓடின அல்லவா? அங்கே போய் நின்றவன், திரும்பி வந்தபோது பழைய ஆளாக இல்லை. அடுத்த ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அன்றிலிருந்து பால் வாங்கப் போனாலும் பையன் கியரை மாற்றுகிற தினுசே வேறு.

"யோசனை சொல்லுங்க மாமா. மாட்டலாமா, வேணாமா?"

நான் பி.காம். பற்று, வரவு தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரிந்தவர் ஒருவர் உண்டு.

பாய் கேட்ட நான்கு கேள்வி

பூந்தமல்லி தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் ஒரு மெக்கானிக் ஷெட். நடத்துபவரை எல்லோரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் நடந்த காலத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவர். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் திறந்த பிறகு அங்கே ஓடுகிற வண்டிகளுக்குக் கை வைக்கிறவர்.

பாய் ஊதாச் சமாசாரத்தை வாங்கி ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மச்சினனைத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, உன் வண்டியில ரோல் கேஜ் இருக்கா?"

"இல்ல பாய்."

"பக்கெட் சீட்டு?"

"இல்ல."

"உள்ள ஏறி எறங்க ஸ்டீயரிங் இடிக்குதா?"

"இல்ல பாய். கதவைத் தொறந்தா ஈஸியா ஏறிடலாம்."

"அப்ப எதுக்கு?"

பையன் தலையைச் சொறிந்தான். "லுக்கா இருக்கும் பாய்..."

"லுக்குக்கு ஸ்டீயரிங் கவர் போடு. நானூறு ரூவா."

ரேஸ் காரில் இந்தக் கழற்றி மாட்டுகிற ஏற்பாடு ஸ்டைலுக்காக வந்ததில்லை என்று பாய் விளக்கினார். வண்டி உருண்டால் நசுங்காமலிருக்க உள்ளே இரும்புக் குழாயால் கூண்டு கட்டிவிடுவார்கள். உடம்பை இறுக்கிப் பிடிக்க ஆழமான சீட். இத்தனைக்கும் நடுவில் ஸ்டீயரிங்கும் இருந்தால் ஆள் உள்ளே நுழைவதே சர்க்கஸ். வெளியே வருவது? அதுவும் வண்டியில் தீப்பிடித்திருக்கும்போது?

ஃபார்முலா ஒன் காரில் இன்னும் மோசம். ஸ்டீயரிங் இருந்தால் டிரைவர் உட்காரவே முடியாது. அதனால்தான் அங்கே ஒரு பரீட்சை உண்டு. பெல்ட் எல்லாம் மாட்டி உட்கார்ந்திருக்கும் டிரைவர், ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டு 5 நொடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். 2018-ல் தலைக்கு மேல் 'ஹாலோ' என்ற பாதுகாப்பு வளையம் வந்ததும் அதை 7 நொடி ஆக்கினார்கள். வெளியே வந்தவர் அப்படியே ஓடிவிடவும் கூடாது. ஸ்டீயரிங்கைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் நின்றுபோன காரை மற்றவர்கள் எப்படித் திருப்பித் தள்ளுவார்கள்?

ஏழு நொடி என்பது பரீட்சை ஹாலில். நிஜத்தில்? 2020 நவம்பர் 29. பஹ்ரைன் பந்தயம், முதல் சுற்று. ரொமேன் குரோஷானின் கார் தடுப்பில் மோதி இரண்டாகப் பிய்ந்து, தீப்பந்தாக எரிந்தது. உலகமே முடிந்தது கதை என்று நினைத்தது. சுமார் 28 நொடி கழித்து அந்த நெருப்புக்குள்ளிருந்து மனிதர் எழுந்து வந்தார், கையில் தீக்காயத்தோடு. அவரைக் காப்பாற்றியவை ஹாலோ, தீ தாங்கும் உடை, ஓடி வந்த ஆட்கள் என்று பல. நொடிக்கணக்கு எதற்காகப் பார்க்கிறார்கள் என்பது அன்றைக்கு டி.வி. பார்த்த எல்லோருக்கும் புரிந்தது.

"வெளிய வர்ற வழி தம்பி இது," என்றார் பாய். "உன் வண்டியில வழிக்குத்தான் கதவு இருக்கே?"

நடுவில் ஒரு பட்டாசு

பையன் விடவில்லை. "பரவால்ல பாய், மாட்டிக்கறேன். என்ன ஆகிடும்?"

பாய் அவன் கார் ஸ்டீயரிங்கின் நடுவில் விரலால் தட்டினார். "இதுக்குள்ள என்ன இருக்கு?"

"ஹாரன்."

"அதுக்குக் கீழ?"

ஏர் பேக்! 2019 ஜூலை 1-லிருந்து நம் நாட்டில் விற்கிற எல்லாப் புதுக் கார்களிலும் டிரைவர் பக்கம் ஏர் பேக் கட்டாயம். காற்றுப்பை என்கிறோமே தவிர, அதை ஊத வைப்பது ஒரு சின்ன வெடிமருந்து. மோதினால், கண் இமைக்கும் நேரத்தில் பாதிகூட ஆகாது, பை விரிந்து முகத்தைத் தாங்கும். குயிக் ரிலீஸ் மாட்ட வேண்டுமென்றால் அந்த ஸ்டீயரிங்கையே பையோடு கழற்றிக் கடாசிவிட்டு, மொட்டை ஸ்டீயரிங் ஒன்றை வைக்க வேண்டும்.

கழற்றுவதும் லேசு இல்லை. பாட்டரியின் நெகடிவைப் பிடுங்கிவிட்டுச் சில நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். பிடுங்கிய பிறகும் உள்ளே வெடிக்கப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். எத்தனை நிமிஷம் என்பதை அந்தந்தக் கம்பெனியின் புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கழற்றிய பையைக் கவிழ்த்து வைக்கக் கூடாது. முகம் மேலே பார்த்திருக்க வேண்டும். கவிழ்ந்த நிலையில் வெடித்தால் அந்த இடத்திலேயே ராக்கெட் விட்ட மாதிரிதான். தீபாவளிக்கே கம்பி மத்தாப்பு பிடிக்கப் பயப்படுகிற குடும்பம் எங்களுடையது.

"கழட்டினா டாஷ்போர்டுல சிவப்பா லைட் எரியுமாமே? அதுக்கு ஒரு ரெசிஸ்டர் வெச்சா அணைஞ்சிடும்னு வீடியோல சொன்னாங்க."

"லைட்டை ஏமாத்தலாம் தம்பி. லாரியை ஏமாத்த முடியாது."

அதோடு இன்னொன்றும் சொன்னார். முன்னெல்லாம் கார் நேருக்கு நேர் மோதினால் ஸ்டீயரிங் ராடு ஈட்டி மாதிரி டிரைவரின் மார்பை நோக்கி வரும். எத்தனையோ பேர் அதனாலேயே போனார்கள். 1967 மாடல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு வேலை செய்தது. மோதினால் ராடு நசுங்கி உள்ளே சுருங்குகிற மாதிரி அமைத்தது. இன்றைக்கு எல்லாக் கார்களிலும் அந்த மாதிரி ஏற்பாடு உண்டு. ராடு பின்வாங்குவதற்காக அறுபது வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? அதன் முனையில் கெட்டி உலோகத்தை வைத்து மார்புக்குச் சில அங்குலம் கிட்டே கொண்டு வருகிறோம்!

பையனின் முகம் வாடியது. பாய்க்குப் பாவமாகிவிட்டது போல.

"சரி, மாட்டறது எப்படின்னு பார்க்கணும், அவ்ளோதானே? உள்ள வா."

மாட்டினார்கள்... மாட்டிக்கொண்டோம்!

ஷெட்டுக்குள் ஒரு பழைய எஸ்டீம். ரேஸுக்கென்றே கூண்டு கட்டிய வண்டி. ரோட்டில் ஓடாது, டிராக்குக்கு லாரியில்தான் போகும். ஏர் பேக் கிடையாது. அதிலிருந்த குயிக் ரிலீஸ் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தது. புதுசு மாட்டப் போகிறார்கள்.

பழையதை இணைத்திருந்த பாஸ் கிட்டையும் மாற்ற வேண்டியிருந்ததால் அடியிலிருந்து ஆரம்பித்தார்கள். (பாஸ் கிட் என்பது, அந்தந்தக் காரின் ஸ்டீயரிங் ராடையும் வெளி ஸ்டீயரிங்கையும் சேர்க்கிற நடுத்தரகர்.) முதலில் முன் சக்கரம் இரண்டும் நேராக இருக்கிறதா என்று பார்த்தார்கள். பாட்டரியைக் கழற்றினார்கள். ராடின் முனையில் மார்க்கரால் கோடு போட்டார்கள், எது 'நேர்' என்று பிற்பாடு சண்டை வராமலிருக்க.

நடுவிலிருந்த பெரிய நட்டை ஷெட் பையன் தளர்த்தினான். முழுக்க எடுக்கவில்லை. நாலைந்து மரை மிச்சம் வைத்துவிட்டு இழுத்தான். எனக்குத் தாங்கவில்லை.

"நட்டை முழுசா எடுத்துட்டா சுலபமா வந்துடுமே, தம்பி?"

அவன் பதில் பேசவில்லை. வாயைத் திறந்து காட்டினான். முன்பல் பாதி இல்லை. இறுகியிருப்பது திடீரென்று விடும்போது நட்டு இருந்தால் அங்கேயே நிற்கும். இல்லையென்றால் நேராக வாய்க்குத்தான் வரும். அதோடு என் தொழில்நுட்ப ஆலோசனைகளை நிறுத்திக்கொண்டேன்.

ராடின் முனையில் நுணுக்கமாகப் பல் வெட்டியிருக்கும். பாஸ் கிட்டின் உள்பக்கப் பல் அதற்குக் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். 'கிட்டத்தட்டப் பொருந்துது' என்பது செருப்புக்குச் சரி, இதற்குச் சரியில்லை. நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. டார்க் ரென்ச் வைத்துத்தான் இறுக்கினார்கள். "கை ஃபீல்ல டைட் பண்றது டிபன் பாக்ஸுக்கு," என்றார் பாய்.

அதன் மேல் குயிக் ரிலீஸின் ராடு பக்கத்துப் பாதி. மறு பாதி ஸ்டீயரிங்கின் முதுகில். ஆறு ஆறு போல்ட். இங்கேயும் ஒரு வம்பு இருக்கிறது. மோமோ ஸ்டீயரிங்கில் ஆறு ஓட்டையும் 70 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும், நார்டியில் 74. நாலு மில்லிமீட்டர்தானே என்று ஓட்டையை அரத்தால் இழுத்து முட்டை வடிவமாக்கி மாட்டுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்களாம். முட்டை ஓட்டையில் போல்ட் நாளடைவில் நகரும். சரியான ஓட்டையுள்ளதைத்தான் வாங்க வேண்டும். போல்ட்டுகளை வரிசையாக அல்லாமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். மரையில் கழன்றுவராமலிருக்கப் பசை ஒரு சொட்டு.

பாய் புதுசையும் எங்கள் ஊதாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புதுசு எஃகு. இரண்டு பாதியும் பல்லுக்குப் பல் கோத்து நிற்கும். ஒரு பல் மட்டும் அகலம். அதனால் ஒரே நிலையில்தான் உட்காரும், கோணலாக மாட்டவே முடியாது. ரேஸ் பாகங்களுக்குத் தரம் வகுக்கிற எஸ்.எஃப்.ஐ.யின் 42.1 முத்திரை அதில் இருந்தது. ஊதாவில் இரண்டு பாதியையும் சேர்த்து ஆட்டினார். டக்... டக்... டக்.

"பெட்டியிலேர்ந்து வரும்போதே ஆடுது. ஆறு மாசம் கழிச்சு?"

சர்வதேச ரேஸ் விதிகளில் இழுக்கிற வளையம் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. டிரைவர் மயங்கிக் கிடந்தால், வெளியிலிருந்து ஓடி வருகிறவன் எதை இழுப்பது என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாதல்லவா? எங்களுடையது எந்த விதிப்படி ஊதா என்று தெரியவில்லை. ஃபோட்டோவில் எடுப்பாக இருக்கும் என்கிற விதிப்படி இருக்கலாம்.

கடைசியாக தூரம். முதுகை சீட்டில் ஒட்டி உட்கார்ந்து கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். அதற்குத் தக்கபடி சீட்டை நகர்த்தினார்கள். பாய் தானே ஏறி உட்கார்ந்தார். மாட்டினார். இழுத்தார். தள்ளினார். மேலும் கீழும் ஆட்டினார். இரண்டு பக்கமும் கோடி வரை திருப்பினார். திரும்பவும் இழுத்தார். அதற்குப் பிறகுதான் சாவியைத் தொட்டார். ஷெட்டுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இறங்கினார்.

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் பாயைப் பார்த்தேன். பாய் வானத்தைப் பார்த்தார்.

"ஒரே ஒரு ரவுண்டு பாய்... ப்ளீஸ்..."

வேப்ப மரம் வரை

பெல்ட் எல்லாம் மாட்டினான். ஹெல்மெட் போட்டான். பாய் ஸ்டீயரிங்கை அவன் கையில் கொடுத்தார். "நீயே மாட்டு."

க்ளிக்!

அந்தச் சத்தத்தில் பையன் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே... முதல் சம்பளத்துக்குக்கூட அப்படிச் சிரித்ததில்லை.

"இழுத்துப் பார்த்தியா?"

"க்ளிக் கேட்டுச்சே பாய்!"

பாய் வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தாரோ, எஞ்சின் உறுமலில் அடித்துக்கொண்டு போய்விட்டது. ரேஸ் வண்டி சைலன்சர் சும்மாவா?

மைதானத்தின் கோடியில் ஒரு வேப்ப மரம். அதைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். முதல் கியர்தான். சைக்கிள்கூட முந்திவிடுகிற வேகம். மரத்துக்குப் பக்கத்தில் திருப்பினான். வண்டி பாதி திரும்பியது. அப்புறம் திரும்பவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தது. முன் கண்ணாடி வழியாக நாங்கள் பார்த்த காட்சியை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். பையன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தான். ஸ்டீயரிங்தான் எதையும் பிடித்திருக்கவில்லை!

நல்லவேளை, இரண்டு காலையும் அழுத்திவிட்டான். பழைய டயர் அடுக்கின் மேல் வண்டி 'பொத்'தென்று முட்டி நின்றது. எஞ்சின் அணைந்தது.

ஓடினோம். பையனுக்கு ஒன்றும் இல்லை. ஸ்டீயரிங்கை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான், பரிசு வாங்கின தாம்பாளம் மாதிரி. உதடு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

பாய் திட்டவில்லை. ராடின் முனையைப் பார்த்தார். ஸ்டீயரிங்கின் முதுகைப் பார்த்தார். அப்புறம் மச்சினனின் நெஞ்சிலிருந்து எதையோ இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

ஆபீஸ் அடையாள அட்டை!

பெல்ட்டுக்கு வெளியே தொங்கிய நாடா, அவன் குனிந்து ஸ்டீயரிங்கை மாட்டும்போது இரண்டு பாதிக்கும் நடுவில் போய்ச் சிக்கியிருக்கிறது. நாடாவில் பல் பதிந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. பல் கோத்ததால் ஸ்டீயரிங் திரும்பியது. ஆனால் பூட்டு முழுசாக விழவில்லை. வளைக்கும்போது நம்மை அறியாமல் ஸ்டீயரிங்கை நம் பக்கம் கொஞ்சம் இழுப்போமே, அந்த இழுப்பு போதுமாக இருந்திருக்கிறது.

"க்ளிக்கை நம்பாதே தம்பி. இழுத்துப் பார்த்துட்டு அப்புறம் நம்பு. அதுக்கு மூணு நொடி ஆகும், அவ்ளோதான்," என்றார் பாய். கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்கு முன்னாடி டயர் இருந்துச்சு. ரோட்டுல டயரா இருக்கும்?" என்றார்.

எனக்கு அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நீச்சல் வகுப்பு ஞாபகம் வந்தது. பின் சீட்டில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் பெண். மறுநாள் காலை ஏழரை மணி வகுப்பு. வேப்ப மரத்தடி வெயிலிலும் எனக்கு முதுகு சில்லென்று ஆகிவிட்டது.

ஒரு வெல்டிங்கின் கதை

டீ வந்தது. பாய்தான் செனாவைப் பற்றி ஆரம்பித்தார்.

1994 மே 1. இத்தாலியில் இமோலா பந்தயம். மூன்று முறை உலக சாம்பியனான அயர்டன் செனா, வளைவில் திரும்பாமல் நேராகச் சுவரில் மோதி இறந்தார். வயது 34. நொறுங்கிய காரில் ஸ்டீயரிங், முறிந்த ராடோடு தனியாகக் கிடந்தது. அந்தக் காருக்குள் இடம் நெருக்கடியாக இருக்கிறது என்று செனா சொன்னதால், அணியில் ராடை வெட்டி, நடுவில் விட்டம் குறைந்த ஒரு துண்டை வைத்து வெல்டு செய்திருந்தார்கள். முறிந்தது மோதுவதற்கு முன்பா, மோதியதாலா? வருஷக்கணக்காக வழக்கு நடந்தது. மோசமாக மாற்றியமைத்த ராடு முறிந்ததுதான் காரணம் என்று 2007-ல் இத்தாலியின் உயர்ந்த கோர்ட் சொன்னது. இல்லை, வேறு காரணம் என்று அணியின் பொறியாளர்கள் சொன்னார்கள். இன்னமும் விவாதம் ஓயவில்லை.

எது சரியோ, எனக்குத் தோன்றியது இது. உலகத்தின் சிறந்த எஞ்சினீயர்கள் கை வைத்த ராடு பற்றியே பதின்மூன்று வருஷம் கோர்ட்டில் கேள்வி கேட்டிருக்கிறார்கள். முனையில் பாஸ் கிட் சரியாக உட்காரவில்லையென்றால் 'ஒரு பொட்டு வெல்டு வெச்சிடலாம் ஸார்' என்கிற ஆசாமிகள் நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களிடம் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்?

பி.காம். கணக்கு

திரும்பி வரும் வழியில் மச்சினன் பேசவில்லை. ஸ்டீயரிங்கை 'பத்து மணி, இரண்டு மணி' நிலையில் பிடித்துக்கொண்டு, டிரைவிங் ஸ்கூல் வண்டி மாதிரி நாற்பதில் ஓட்டினான். ஆட்டோக்காரர்கள் திட்டிக்கொண்டே முந்தினார்கள். நான் மனசுக்குள் பேரேடு போட்டேன்.

வரவு: ஏறி இறங்கக் கொஞ்சம் தாராளம் (ஏற்கெனவே தாராளம்தான்). திருடனுக்குச் சிரமம் (அவனும் ஒரு ஸ்டீயரிங் கொண்டு வராதவரை). நண்பர்கள் வாயைப் பிளப்பார்கள் (இரண்டு நாள்).

பற்று: ஏர் பேக் போச்சு. சுருங்குகிற ராடுக்கு முன்னால் சுருங்காத இரும்பு. கம்பெனி வாரன்டியும் இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் கேள்விக்குறி. சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அனுமதியில்லாமல் மாற்றினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

இத்தனைக்கும் மேல், ஒவ்வொரு முறை வண்டியில் ஏறும்போதும் மாட்டினோமா, பூட்டியதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். ஒருநாள் அவசரத்தில் மறந்தாலும் கணக்கு முடிந்தது. ஆபீஸுக்கு லேட்டாகக் கிளம்புகிற நாளில் நாம் வீட்டைப் பூட்டினோமா என்பதே ஞாபகம் இருப்பதில்லை!

இப்படிச் சொல்வதால் ரேஸுக்கு ஆசைப்படுவது தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கோயமுத்தூரிலிருந்து கிளம்பிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் டிரைவர் ஆனார். ஆசைதான் அவரையும் கிளப்பியிருக்கும். ஆசைக்கு இடம் இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில், அதற்கென்று கூண்டு கட்டிய வண்டியில், நெருப்பு அணைப்பானோடு ஆள் நிற்கும்போது. அங்கே குயிக் ரிலீஸ் உயிரைக் காப்பாற்றும். நம் தெருவில் அதே சாமான் உயிரைக் கேட்கும்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் பையன் அந்த ஊதாச் சமாசாரத்தை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"நீங்களே வெச்சுக்குங்க மாமா. பேப்பர் வெயிட்டா யூஸ் பண்ணிக்குங்க."

இந்தக் கட்டுரையின் தாள்கள் காற்றில் பறக்காமல் இருப்பது அதன் உபயம்தான். அந்த வேலைக்கு நன்றாகவே இருக்கிறது. ஆடினாலும் பரவாயில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு மாமியார் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். மைதானத்தில் நடந்ததை ஒருவரிடமும் சொல்வதில்லை என்று எனக்கும் மச்சினனுக்கும் ஒப்பந்தம். (மாமியார் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.) பையன் தலையைக் குனிந்து சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்தான். கழுத்தில் அடையாள அட்டை இல்லை.

ரசம் ஊற்ற வந்த மாமியார் அதைப் பார்த்தார். கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்னடா ஆச்சு? வேலை போயிடுச்சா?"